நீலக்கண் குருடி

எங்கள் வீட்டு மத்தி மீன் விற்றது என் கண்ணால்தான். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. நான் செய்ததெல்லாம் அதை அப்படியே நம்பியதுதான். கெர்லுவான் துறையில் அம்மா பெரீன் கூடையை இறக்கி வைப்பாள், நான் பக்கத்தில் சும்மா நிற்பேன். சொந்தப் படகு நிறைய மீனோடு அப்போதுதான் கரையேறியவன்கூட எங்களிடம் வந்து மீன் வாங்கிப் போவான். ஒரு கடற்படைக்காரன் என் கண்ணைப் பார்த்தபடியே நடந்து துறை விளிம்பு தெரியாமல் தண்ணீரில் விழுந்தான். அவன் குடித்திருந்தான் என்று அம்மா சொன்னாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட நீலக்கண்ணை வைத்துக்கொண்டு மீன் செதில் சுரண்டிக்கொண்டு கிடப்பதா? பத்தொன்பது வயதில் பாரிசுக்கு ரயிலேறினேன். எங்கள் கடலோர ப்ரெத்தாஞ் பக்கத்துப் பெண்ணுக்குப் பாரிசில் காத்திருப்பது ஒரே உத்தியோகம்தான், பத்துப்பாத்திரம். எனக்கு வாய்த்தது ஒரு பல் வைத்தியர் வீடு. அங்கேதான் கபெஸ்தான் வந்தார், கன்னம் வீங்கி, தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு. வான்சேன் பக்கம் படம் பிடிக்கும் கம்பெனி ஒன்றில் அவர்தான் எல்லாம். கதவைத் திறந்த என்னை நிமிர்ந்து பார்த்தவர் முனகலை நிறுத்தினார்.

"வலி போன இடம் தெரியலம்மா! என்ன கண்ணு இது! நாளைக்கே கொட்டகைக்கு வா."

வைத்தியரிடம் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வைத்தியரின் மனைவி, "ஆழம் தெரியாம காலை விடாதே, கத்தெல்" என்றாள். நான் நடிகையாகப் போகிறேன் என்று அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகை முழுக்கக் கண்ணாடி. கூரையும் கண்ணாடி, சுவரும் கண்ணாடி. வெயில் வந்தால் படம், மழை வந்தால் சீட்டாட்டம். நான் கன்னத்தில் நல்ல சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு போய் நின்றேன். தச்சர்கள் ஆணியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். கைப்பிடி சுற்றிப் படம் பிடிப்பவர் ஒரு தடவை கைப்பிடியை விட்டுவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், கபெஸ்தானைப் பார்த்துப் புன்னகைத்தேன். இனி பாரிசுக்கு வேறு வேலை இருக்காது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் இருட்டறையில் வெள்ளைத் துணியில் போட்டுக் காட்டினார்கள். வந்து நின்றது ஒரு பிணம். கன்னம் இரண்டும் அடுப்புக்கரி அப்பியதுபோல் கறுப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழி. கருவிழியே இல்லை. அந்தப் பிணம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

கைப்பிடிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"முசியே, நான் முந்தியே சொல்லியிருக்கணும். நம்ம ஃபிலிமுக்குச் சிவப்புன்னா கறுப்பு, நீலம்னா வெள்ளை. இந்தப் பொண்ணுக்கு ரெண்டும் கொட்டிக் கிடக்கு."

கபெஸ்தானுக்கு எரிச்சல். நல்ல ஃபிலிம்தானா என்று சோதிக்க, மூலையில் துடைப்பத்தோடு நின்ற செலியைப் பிடித்து நிறுத்திப் படம் பிடிக்கச் சொன்னார். செலி மர்சேய்க்காரி. மஞ்சள் பூத்த தோல், கன்னங்கரேலென்ற கண். கொட்டகையில் அவளைக் கரிச்சட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைத் துணியில் போட்டபோது அறையில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்கள். தேவதை என்றால் அதுதான் தேவதை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

என்னை வீட்டுக்குப் போகச் சொல்ல வாயெடுத்த கபெஸ்தான் பாதியில் நிறுத்தினார்.

"இரு, இரு. குருடி! பிறவிக் குருடி! இனிமே எவளும் கண்ணை மேலே சொருகிக்கிட்டு எனக்கு நடிச்சுக் காட்ட வேணாம். நீ சும்மா முழிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

இப்படியாக என் கலை வாழ்வு தொடங்கியது. பனியில் பாட்டுப் பாடும் குருட்டு அநாதை, பூ விற்கும் குருடி, சிப்பாய் மகனைக் குரலால் அடையாளம் காணும் குருட்டுத் தாய் (படத்தில் குரலே கிடையாது, அது வேறு விஷயம்). குருடிகள் தேவைப்படாத வாரங்களில் நான் ஆவி. ஆவிகளும் இல்லையென்றால் ஆற்றில் மிதக்கும் பிணம். நல்ல வேடங்களை எல்லாம் செலி தட்டிக்கொண்டு போனாள். அரசகுமாரியாக அவள் படியிறங்கி வருவாள், நான் படிக்கட்டின் அடியில் திருவோட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் பெயர் எதுவும் திரையில் வராது. அப்போதெல்லாம் நடிகைக்குப் பெயர் போடும் வழக்கமில்லை. எனக்கு அது புனிதர்கள் செய்த உதவி.

செலி நல்லவள். அது எனக்கு இன்னும் எரிச்சல். ராணி உடுப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு தேய்த்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பாள்.

"ஏண்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? நான் என்ன உன் கண்ணையா திருடிட்டேன்?"

"நீ பேசாதே. உன்னைப் பார்த்தா எனக்குத் துடைப்பம்தான் ஞாபகம் வருது."

"எனக்கும்தான். அதுக்காக அதைத் திரும்பக் கையில எடுக்கச் சொல்றியா?"

ஒரு முறை துணிந்து கபெஸ்தானிடம் கேட்டேன், கண் தெரிகிற வேடம் ஒன்று, சின்னதாக இருந்தாலும் போதும் என்று. "நான் தரத் தயார், கத்தெல்" என்றார் அவர். "உன் கண்ணு ஒத்துக்கணுமே."

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லவில்லை. படத்தில் நடிக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். என்ன வேடம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கெர்லுவானுக்குப் படம் வந்து சேருவதற்குள் நான் கிழவி ஆகிவிடுவேன் என்று தைரியமாக இருந்தேன்.

அந்தத் தைரியத்துக்கு முடிவு ஒரு காலைப் பொழுதில் மரச்செருப்புச் சத்தத்தோடு கொட்டகைக்குள் நடந்து வந்தது. நான் தரையில் உட்கார்ந்து கண்ணாடிக் கூரையைப் பார்த்தபடி மாதாவிடம் கண் கேட்டுக்கொண்டிருந்தேன், கைப்பிடி சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் வெள்ளைத் தலைக்குல்லா, கறுப்புப் பாவாடை, கையில் மண்ஜாடி. அம்மா! தன் ஊர்ச் சந்தைக்கு அப்பால் எதையும் பார்த்திராத அம்மா. பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, எங்கள் பக்கத்து ப்ரெத்தோன் பேச்சு மட்டும்தான். மோன்பர்னாஸ் ரயில்நிலையத்தைச் சுற்றி நம் ஊர்க்காரர்கள் மொய்த்துக் கிடக்கிறார்களே, அவர்களைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

விளக்கு, கேமரா, கபெஸ்தான் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. நேரே வந்து என் முன்னால் மண்டியிட்டாள். ஜாடித் தண்ணீரைக் கையில் ஏந்தி என் கண்ணைக் கழுவ ஆரம்பித்தாள். கண்ணீர் அவள் முகவாயில் சொட்டியது. வாய் செபம் சொல்லிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த தண்ணீர் என் கழுத்து வழியே இறங்கியது. "அம்மா" என்று மட்டும் எனக்கு வந்தது, பிறகு நானும் அழுதுவிட்டேன். கபெஸ்தான் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் கை மட்டும் காற்றில் சுற்றிக்காட்டியது, சுத்து, சுத்து என்று.

"அம்மா, எனக்குக் கண் தெரியுது."

அம்மா ஜாடியைக் கீழே வைத்தாள். என் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தாள். என் கண் விரலோடு போய் விரலோடு வந்தது. அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"கிளேர் ஐயா! கேட்டதும் குடுத்துட்டீரே!"

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் கண்ணுக்கென்று இருக்கிற புனிதர் கிளேர். அவருக்குச் சிற்றாலயம் உண்டு, பக்கத்தில் கண்ணைத் திறக்கும் என்று நம்பும் ஊற்று; அம்மாவின் ஜாடியில் இருந்தது அந்தத் தண்ணீர். கோடைத் திருவிழாவுக்கு ஊர்ஊராகப் போகும் படக்கூடாரம் ஒன்று வந்திருக்கிறது. படம் பிசாசின் வேலை என்று பிரசங்கம் வைக்கிற பங்குச் சாமியார், இது பக்திப் படமாயிற்றே என்று அந்த வருடம் விட்டுவிட்டார். குருட்டு அநாதைக்கு மாதா வழிகாட்டும் கதை. ஊரே திரண்டு போய் உட்கார்ந்தது. துணியில் நான் வந்தேன், கண்ணிருந்த இடத்தில் வெள்ளையாக.

"அம்மா, அது நடிப்பும்மா! சும்மா வேஷம்!"

"ஏடி, யாருக்குக் காது குத்துறே? அழுறது நடிப்பு, நொண்டுறது நடிப்பு. கண்ணுமுழி எப்படிடீ நடிக்கும்? அந்தக் கடல் நிறத்துக் கண்ணை ஊரே பார்த்து வளர்ந்திருக்கு. ஊரேதான் அது அவிஞ்சு கிடந்ததையும் பார்த்துச்சு. கூடாரத்துல ஒருத்தி பாக்கியில்ல, எல்லாரும் அழுதாளுக."

படம் முடிந்த கையோடு எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு சிற்றாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். சுரூபத்துக்கு முன்னால், சாமியார் முன்னால், பங்கு மக்கள் முன்னால் அம்மா சத்தமாக நேர்ந்துகொண்டாள்: மகளுக்குக் கண் திறந்தால் அவளை ஊருக்குக் கூட்டிவந்து கிளேர் ஐயாவின் விளக்குக்கே விட்டுவிடுகிறேன், உயிர் உள்ளவரை அவள் அங்கே பெருக்கி, துடைத்து, திரி போட்டுக் கிடப்பாள்.

"மூட்டையக் கட்டு. சாயந்தரம் ரயில்" என்றாள் அம்மா.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கண் தெரிந்தால் ஊருக்குப் போய்த் துடைப்பம் எடுக்க வேண்டும். பாரிசிலேயே இருக்க வேண்டுமென்றால் குருடியாக இருக்க வேண்டும். கொட்டகையில்தான் அப்படி என்று நினைத்திருந்தேன், வீட்டிலும் அதே வேடம்தான் எனக்கு எழுதியிருக்கிறது.

கபெஸ்தான் ஓடிவந்தார். "என்ன சொல்றாங்க உன் அம்மா? பிரமாதம்! பிரமாதம்!"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இந்தக் கடன்காரன்தான் உன் கண்ணை அவிச்சவனா? இவன் கை புழுத்துப்போக" என்றாள்.

"உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோசமாம், முசியே" என்று மொழிபெயர்த்தேன்.

அன்று ரயிலுக்குப் போகவிடாமல் அழுது, கெஞ்சி, காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் அவளை இருட்டறைக்குக் கூட்டிப்போனேன். செலியும் கூட வந்து அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். துணியில் வெளிச்சம் விழுந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு நான், வழக்கம்போல் வெள்ளைக் கண்ணோடு. பிறகு அம்மா வந்தாள், திரும்பினாள். அவளுக்கும் கண் இல்லை. இரண்டு வெள்ளைக் குழியிலிருந்து கண்ணீர் மட்டும் வழிந்தது. ஒரு குருடி இன்னொரு குருடியின் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கடவுள் எனக்கென்றே தனியாகச் செய்து அனுப்பினார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அம்மா தன் இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். இமையை மூடித் திறந்தாள். "இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்றாள். இன்னொரு முறை போட்டார்கள். பார்த்து முடித்து நீளமாக மூச்சுவிட்டாள்.

"பொய் சொல்ற மெசினு."

"அதைத்தாம்மா நேத்துலேருந்து கத்துறேன். ஊர்லயும் இதைப் போட்டுக் காட்டிடலாம்மா. எல்லாம் தீர்ந்துடும்."

"கிழிஞ்சுது. இதைப் பார்த்தா ஊரு எனக்கும் சேர்த்து நேர்ந்துக்கும்."

பின்னால் செலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கபெஸ்தான் மட்டும் சிரிக்கவில்லை. இந்தத் துண்டை வைத்து ஒரு முழுப்படமே எடுக்கலாம், அம்மாவே நடிக்கட்டும், இப்படி ஒரு குருடியை நான் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். எத்தனை வருடம் அவருக்காகக் குருடியாக இருந்திருக்கிறேன்! ஒரு நாள் அவர் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. அம்மாவிடம் அதை நான் மொழிபெயர்க்கவேயில்லை. அந்தத் துண்டை வெளியே விடக் கூடாது என்று மட்டும் அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

வெளியே வந்ததும் அம்மா என்னை ஒரு பலகையில் உட்கார வைத்தாள்.

"உண்மையச் சொல்லு. இங்க இருக்க உனக்குப் பிடிச்சிருக்கா? பொணமா மிதக்குறது, பிச்சை எடுக்குறது, இதெல்லாம்?"

"பிடிச்சிருக்கும்மா. காலையில அந்தக் கண்ணாடிக்குள்ள நுழையறப்போ எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகுது. வெளியில எங்கேயும் அப்படி இல்லம்மா."

அம்மா எழுந்து பாவாடையை உதறிக்கொண்டாள். ரயிலடிவரை கூட நடந்தேன். பெட்டியில் ஏறி, காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"ஊருக்கு நீ குருடிதான். தண்ணி பலிக்கலன்னு சொல்லிடறேன். கண் திறக்கலன்னா நேர்த்திக்கடனும் இல்ல."

"அம்மா, பொய்யாச்சே! சாமி கோவிச்சுக்காதா?"

"சாமிக்கு நடந்தது தெரியும். நான் பேசிக்கறேன். ஊருக்குத்தான் தெரியக் கூடாது."

மீன் எடையில்கூட ஒரு மத்தி கூடுதலாகப் போடுகிறவள் அவள். எனக்காக ஊருக்கு முன்னால் பொய் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? திருவிழாவுக்குத் திருவிழா, எனக்காக வெறுங்காலோடு அந்த ஊற்றுக்கு நடந்தாள். நடக்காவிட்டால் சந்தேகம் வருமே. "பாவம் பெரீன்" என்று ஊரே இரக்கப்பட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டாள்.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா நிலையத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். என் வாழ்க்கையில் நான் உண்மையாக நடித்தது அந்தத் தெருவில் மட்டும்தான். கொட்டகையில் கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது, இங்கே ஃபிலிம் கிடையாதே.

"படி வருது. காலைத் தூக்கு. இவ்வளவு தூக்காதே, நீ என்ன குதிரையா?" என்று அம்மா உதட்டை அசைக்காமல் சொல்வாள். "எதிர்வீட்டு யான் வர்றான். அவனைப் பார்க்காதேடீ! பார்க்கிறே பாரு! வானத்தைப் பாரு."

வானத்தைப் பார்த்துக்கொண்டே சாணியில் மிதிப்பேன். ஒரு காலத்தில் தேவையில்லாத மீனை வாங்கிக்கொண்டு போனவர்கள் எனக்கு வழிவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அம்மாவும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். பிறகு உப்பு வெண்ணெய் தடவிய கறுப்பு மாவு அடையும் ஆப்பிள் கள்ளும்.

போர் வந்தது, போனது. கபெஸ்தான் படமெடுப்பதை விட்டுவிட்டு நீஸில் தங்கும் விடுதி வைத்தார். செலி முதலில் பெரிய ஆளானாள், பிறகு பெருத்த ஆளானாள், அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். நான் வேறு வேறு கம்பெனிகளில் குருடியாகவே தொடர்ந்தேன். பிறகு ஒரு நாள் செலி ஓடிவந்தாள். புது ஃபிலிம் வந்திருக்கிறதாம், நீலத்தையும் ஒழுங்காகப் பார்க்குமாம்.

"கத்தெல், இனிமே உனக்கும் கண்ணு உண்டுடீ!"

எனக்கு முப்பத்தெட்டு வயது. புது ஃபிலிமில் என்னைச் சோதித்துப் பார்த்தவர், "பரவாயில்லை, சாதாரணமா இருக்கீங்க" என்றார். அந்த வாரத்தில்தான் அம்மா முடியாமல் கிடக்கிறாள் என்று ஊரிலிருந்து வந்த ஆள் சொன்னான்.

நான் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டிருந்தது. நிலையத்தில் கையைப் பிடித்துக்கொள்ள அம்மா இல்லை. பக்கத்து வீட்டு மாரியான் அக்காதான் வந்தாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நடந்தேன். வீட்டில் அம்மாவைக் கட்டிலில் கிடத்தி, திருவிழாக் குல்லா வைத்து, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஊர் வரிசையாக வந்து இலைக்கொத்தால் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தது. எனக்கு வழிவிட்டார்கள்.

"குனிம்மா, கத்தெல்" என்றாள் மாரியான் அக்கா. "கையால தடவிப் பாத்துக்கோ."

செத்த தாயின் முகத்தைக் குருட்டு மகள் தடவிப் பார்க்கும் காட்சி எனக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனை படத்தில் செய்திருக்கிறேன். முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, விரலை நெற்றியிலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். இறக்கினேன். தோல் குளிர்ந்திருந்தது. அதற்கு மேல் என்னால் கூரையைப் பார்க்க முடியவில்லை. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்த்தேன்.

குல்லாவுக்கு வெளியே ஒரு கொத்து முடி வந்து கன்னத்தில் கிடந்தது. அம்மா உயிரோடு இருந்தால் அப்படி ஒரு நொடி இருக்க விடுவாளா? கையை நீட்டி அந்த முடியை நேராக எடுத்துக் குல்லாவுக்குள் சொருகினேன். விலகியிருந்த நாடாவையும் சரிசெய்தேன்.

பின்னால் இலைக்கொத்து தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"கத்தெல்!" மாரியான் அக்கா என் தோளைப் பற்றிக்கொண்டாள். "உனக்குத் தெரியுது! ஏசுவே, இவளுக்குக் கண்ணு தெரியுது!"

அறையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மண்டியிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கிழட்டுச் சாமியார் என் கண்ணுக்கு நேரே மெழுகுவர்த்தியைக் காட்டினார். என் கண் சுடரைப் பார்த்துக் கூசியது. அவர் அழுதுவிட்டார்.

"இத்தனை வருசம் இங்கேருந்து கேட்டா, கிடைக்கல. பெரீன் நேர்லயே போய்க் கேட்டுட்டாளே!"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டிலில் கிடப்பவள் ஊரை ஏமாற்றியவள் ஆவாள், அவள் வெறுங்காலோடு நடந்த நடையெல்லாம் நாடகம் ஆகும். நான் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். நேர்ந்தவள் அவள். கடனைக் கட்ட வேண்டியவள் நானே.

செலி பல தடவை கூப்பிட்டனுப்பினாள், போகவில்லை. இப்போது கிளேர் ஐயாவுக்குப் பெருக்குகிறேன், துடைக்கிறேன், திரி போடுகிறேன். செலி விட்ட துடைப்பத்தைக் கடைசியில் நான்தான் எடுத்திருக்கிறேன், நன்றாகவும் பெருக்குகிறேன். திருவிழாவில் ஊற்றைவிட எனக்குத்தான் கூட்டம். திறந்த கண்ணைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். விளக்கடியில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றாக முழித்துக் காட்டுகிறேன், இத்தனை பேர் பாரிசில்கூட என்னைப் பார்த்ததில்லை.

ஆனால் சில நேரம் கண் சரியில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வருவாள். கூட்டம் போகும்வரை காத்திருந்து கிட்டே வந்து கேட்பாள்.

"அக்கா, நெசமாவே தொறந்துச்சா?"

அவளிடம் நான் முழித்துக் காட்டுவதில்லை.

"எங்கம்மா எனக்காக வருசா வருசம் இங்க நடந்து வந்தா" என்பேன். "அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."